சத்து மருந்தாகும்போது

நோயாளி தேறுவதற்குச் சத்து வேண்டும் என்பதில் யாழ்ப்பாணத்து வீடுகளில் இரண்டு கருத்து இருப்பதில்லை. கொழும்புத்துறையிலிருந்து ஒருவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டால், பார்வை நேரத்துக்கு முன்பே மீன் சூப்பும் இளநீரும் பழச்சாறும் ஆயத்தமாகிவிடுகின்றன; அவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, வாயால் எதுவும் கொடுக்க முடியாது என்று தாதியர் சொல்லும்போது, சத்து ஊசியாவது போடக்கூடாதா என்ற கேள்வி உறவினரிடமிருந்து எழுகிறது. அறியாமையால் எழும் கேள்வி அன்று அது. குறிப்பிட்ட ஒரு சத்தைத் தனியே பிரித்தெடுத்து, உணவில் கிடைப்பதைவிடப் பன்மடங்கு அளவில், உயிராபத்தில் இருப்பவருக்கு மருந்தாகக் கொடுத்தால் அவர் பிழைக்கும் வாய்ப்புக் கூடுமா என்று தீவிர சிகிச்சை வல்லுநர்களும் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்திருக்கின்றனர். அதற்குக் கிடைத்த விடைகளுள் சில உயிரைக் காத்தன. பல பயனற்றுப் போயின. சில, யாரும் எதிர்பாராதவாறு, மரணங்களின் எண்ணிக்கையையே கூட்டின.

நோயாளிக்கு உணவூட்டுவது வேறு, சத்தை மருந்தாகக் கொடுப்பது வேறு. முன்னதில், மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாய் மூலமோ, அது இயலாதபோது நாளத்தின் வழியாகவோ, உடல் இயங்கத் தேவையான சக்தியும் புரதமும் கொழுப்பும் விற்றமின்களும் கனியுப்புகளும் நாளாந்தத் தேவையின் அளவுக்குக் கொடுக்கப்படுகின்றன. பின்னதில் நோக்கமே மாறிவிடுகிறது. அழற்சியைத் தணித்தல், நோயெதிர்ப்பைத் தூண்டுதல், தசைப் பிடிப்பை அடக்குதல் போன்ற ஒரு குறித்த செயலுக்காக ஒரு குறித்த சத்து, வழமையான தேவையைக் கடந்த அளவில் செலுத்தப்படுகிறது. அளவும் நோக்கமும் இவ்வாறு மாறிய பின்னர், அந்தப் பொருள் உணவின் பாதுகாப்பான எல்லைக்குள் நிற்பதில்லை என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொள்ள நீண்ட காலம் எடுத்தது.

சத்தை மருந்தாக்கும் எண்ணம் வெறும் ஆசையில் பிறந்ததன்று. பெரிய விபத்து, பரந்த எரிகாயம், அல்லது தொற்றொன்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகளைத் தானே சிதைக்கும் செப்சிஸ் என்ற நிலை ஆகியவற்றில், உடல் தன் தசைப் புரதத்தை உடைத்து எரிபொருளாக்குகிறது. ஒரு வாரத்துக்குள் தொடைத் தசை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்துவிடுகிறது. அதே வேளையில் குருதியில் குளூட்டமைன் என்ற அமினோ அமிலமும், செலீனியம், நாகம் ஆகிய கனியுப்புகளும், விற்றமின் சீயும் டீயும் குறைகின்றன. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நோயும் கடுமையாக இருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், குறைந்ததை நிரப்பினால் நோயும் தணியும் என்று எதிர்பார்த்தது இயல்பே. ஆயினும் ஒரு சத்துக் குருதியில் குறைந்து காணப்படுவதற்குக் காரணம் எப்போதும் பற்றாக்குறை அன்று. நாளத்தில் ஏற்றப்படும் திரவங்களால் குருதி நீர்த்துப்போயிருக்கலாம். அல்லது உடலே அந்தச் சத்தைக் குருதியிலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் ஒதுக்கி வைத்திருக்கலாம். தொற்று ஏற்பட்டவுடன் இரும்பும் நாகமும் குருதியிலிருந்து ஈரல் முதலிய இடங்களுக்கு நகர்த்தப்படுவது, அவற்றை உண்டு பெருகும் கிருமிகளைப் பட்டினி போடுவதற்கான தற்காப்பாகவே கருதப்படுகிறது. அந்த நிலையில் குருதிப் பரிசோதனைத் தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துச் சத்தை ஊற்றுவது, உடல் எடுத்த முடிவுக்கு எதிராகச் செயற்படுவதாகிவிடக்கூடும்.

சத்தொன்று மருந்தாக வெற்றி பெற்ற கதைகளுள் ஒன்று இலங்கையிலேயே நிகழ்ந்தது. ஏற்புவலி என்று இங்கு அழைக்கப்படும் டெட்டனஸ், கடற்கரையிலும் தோட்டத்திலும் உழைப்போருக்குப் புதிய பெயரன்று. துருப்பிடித்த ஆணி, முள், மண் படிந்த வெட்டுக்காயம் ஆகியவற்றின் வழியே உட்செல்லும் கிருமி சுரக்கும் நஞ்சு, நரம்புகள் வழியே முள்ளந்தண்டு வடத்தை அடைந்து, தசைகளைத் தளர்த்தும் கட்டளைகளை அங்கே தடுத்துவிடுகிறது. தளர்த்தும் கட்டளை இல்லாத தசை இறுகிக்கொண்டே போகிறது. தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாக வளைகிறது, ஒரு சிறு ஒலியோ தொடுகையோகூட உடல் முழுவதையும் உலுக்கும் வலிப்பை எழுப்புகிறது, மூச்சுத் தசைகள் இறுகினால் உயிரும் போகிறது. இந்த வலிப்பை அடக்க, நோயாளியை வாரக்கணக்கில் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்து, தசைகளை மருந்தால் முற்றாகச் செயலிழக்கச் செய்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இணைத்து வைப்பதே வழமையான முறையாக இருந்தது. கருவிகள் மிகச் சிலவே உள்ள நாடொன்றில் அந்த முறை எத்தனை பேருக்குக் கிட்டியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொழும்பில் பணியாற்றிய மயக்க மருந்து நிபுணர்களான ஆட்டிகல, றொட்ரிகோ ஆகிய இருவரும் இதற்கு மக்னீசியத்தைக் கையாண்டனர். கீரையிலும் பருப்பிலும் கச்சானிலும் உள்ள அதே கனியுப்பு அது. எப்சம் உப்பு என்ற பெயரில் பேதிக்குக் கொடுக்கப்பட்டுவந்த மக்னீசியம் சல்பேற்றின் தூய வடிவத்தை அவர்கள் நாளம் வழியே இடைவிடாது செலுத்தினர். தென்னாபிரிக்காவில் 1985இல் மிகக் கடுமையான ஏற்புவலிக்கு இது பயன்படுத்தப்பட்டிருந்தது. ஆனால் ஆழ்ந்த மயக்கமும் சுவாசக் கருவியும் இல்லாமலேயே மக்னீசியத்தால் வலிப்பை அடக்க முடியுமா என்பதே கொழும்பு நிபுணர்கள் எழுப்பிய கேள்வி. 1997இல் முதல் அனுபவங்களையும், 2002இல் 40 நோயாளிகளின் முடிவுகளையும் அவர்கள் வெளியிட்டனர். பெரும்பாலானோரில் வலிப்பு அடங்கியது. நோயாளிகள் விழிப்புடனும் பேச்சுக்கு இணங்கியும் இருந்தனர். ஒரு பகுதியினருக்குச் சுவாசக் கருவியே தேவைப்படவில்லை.

அந்தச் சிகிச்சையின் உள்ளியக்கம் இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நரம்பு முனையில் கல்சியம் உட்புகும்போதுதான் தசையைச் சுருக்கும் வேதிப்பொருள் வெளிவிடப்படுகிறது. மக்னீசியம் கல்சியத்தின் வழியை மறிப்பதால் அந்த வெளியீடு குறைகிறது, இதயத் துடிப்பையும் குருதி அழுத்தத்தையும் தாறுமாறாக ஏற்றியிறக்கும் சுரப்புகளும் தணிகின்றன. இதற்குக் குருதியில் மக்னீசியத்தின் அளவு லீற்றருக்கு 2 முதல் 4 மில்லிமோல் வரை உயர வேண்டும். இயல்பான அளவோ ஏறத்தாழ 0.7 முதல் 1 வரைதான். மணிக்கு 2 கிராம் வீதம் செலுத்தினால் ஒருநாளில் 48 கிராம் மக்னீசியம் சல்பேற்று உடலுக்குள் போகிறது. அதிலுள்ள மக்னீசியம் மட்டும் ஏறத்தாழ 4.7 கிராம், அதாவது ஒருவர் உணவின் மூலம் ஒருநாளில் பெற வேண்டிய அளவைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். இந்த நோயாளிகளுக்கு மக்னீசியப் பற்றாக்குறை எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஊட்டம் அன்று, மருந்து. மருந்துக்குரிய கண்காணிப்புடனேயே அது கொடுக்கப்பட்டது.

அந்தக் கண்காணிப்புக்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள தசைநாணைச் சிறிய இறப்பர்ச் சுத்தியலால் தட்டும்போது கால் முன்னோக்கித் துள்ள வேண்டும். மக்னீசியம் கூடக்கூட அந்தத் துள்ளல் மங்கி, அளவு மிஞ்சும்போது முற்றாக மறைகிறது. மூச்சுத் தசைகள் தளர்ந்து சுவாசம் நிற்பது அதைவிட உயர்ந்த அளவில்தான் நிகழும் என்பதால், துள்ளல் மறைவது ஆபத்துக்கு முன்னே வரும் அறிவிப்பாகிறது. மணிக்கு மணி தட்டிப் பார்க்கும் தாதியோ வைத்தியரோ துள்ளல் மறைந்ததும் செலுத்தும் வேகத்தைக் குறைப்பார். நிலைமை கைமீறினால் கல்சியம் குளூக்கோனேற்றை நாளத்தில் செலுத்தி விளைவை மாற்றுவார். சிறுநீரகத்தின் வழியாகவே மக்னீசியம் வெளியேறுவதால், சிறுநீர் குறைந்தவருக்கு இதே அளவு நஞ்சாகிவிடும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. பின்னர் வியட்நாமில் 256 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தபோது, மக்னீசியத்தால் சுவாசக் கருவியின் தேவை குறையவில்லை என்றும், ஆனால் மயக்க மருந்து, தசை தளர்த்தும் மருந்து, இதயத்தைச் சீராக்கும் மருந்து ஆகியவற்றின் தேவை குறைந்தது என்றும் தெரியவந்தது. கொழும்பில் அரும்பிய நம்பிக்கையை இது ஓரளவு மட்டுப்படுத்தியது. எனினும் ஏற்புவலிச் சிகிச்சையில் மக்னீசியம் பெற்ற இடம் பறிபோகவில்லை.

பிரசவ விடுதிகளிலும் இதே மருந்துக்கு உறுதியான இடமுண்டு. கர்ப்பிணிகளில் குருதி அழுத்தம் ஏறி வலிப்பில் முடியும் நிலையைத் தடுப்பதற்காக, 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட மக்பை ஆய்வு 2002இல் வெளிவந்தது. மக்னீசியம் பெற்றவர்களில் வலிப்பு ஏற்படும் வாய்ப்புப் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மலிவான ஓர் உப்பு இத்தனை தாய்மாரைக் காத்திருக்கிறது என்பது மருத்துவ வரலாற்றில் மகிழ்ச்சியுடன் நினைக்கத்தக்க ஒன்று.

குளூட்டமைனின் கதை இதற்கு நேர்மாறாகப் போயிற்று. உடலில் தனித்த நிலையில் மிகுதியாகக் காணப்படும் அமினோ அமிலம் இதுவே. தசையில் உண்டாகி, குடலின் உட்சுவருக்கும் நோயெதிர்ப்புக் கலங்களுக்கும் எரிபொருளாகிறது. கடும் நோயில் இதன் அளவு குறைவதும், குறைந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு மிகுதியாக இருப்பதும் அறியப்பட்டிருந்தன. சிறிய ஆய்வுகள் பலவும் நன்மையையே காட்டின. வழிகாட்டி நூல்களும் இதனைப் பரிந்துரைத்தன. கனடாவின் டேரன் ஹேலண்ட் தலைமையில், பல உறுப்புகள் செயலிழந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்த 1,223 பேரிடம், 40 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. அதில் நாளம் வழியாகவும் குடல் வழியாகவும் மிக உயர்ந்த அளவில் குளூட்டமைன் கொடுக்கப்பட்டவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 32.4 பேர், கொடுக்கப்படாதவர்களில் 27.2 பேர். ஆறு மாத முடிவில் வேறுபாடு ஐயத்துக்கு இடமில்லாததாயிற்று. பின்னர் குருதி மாதிரிகளை ஆராய்ந்தபோது, அவர்களுள் பெரும்பாலானோருக்குத் தொடக்கத்தில் குளூட்டமைன் பற்றாக்குறையே இருந்திருக்கவில்லை என்பது புலனாயிற்று. ஈரலும் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும் உடலில், அமினோ அமிலம் உடையும்போது பிறக்கும் அமோனியா, யூரியா போன்றவற்றை வெளியேற்றும் ஆற்றலும் குன்றியிருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். எரிகாய நோயாளிகளுக்காவது பயன் தரும் என்று கடைசியாக எஞ்சியிருந்த நம்பிக்கையும், ஏறத்தாழ 1,200 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில் பொய்த்தது.

மற்றச் சத்துகள் பலவற்றுக்கும் ஏறத்தாழ இதே கதிதான். மீனெண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் அழற்சியைத் தணிக்கும் என்ற எண்ணத்தில், நுரையீரல் கடுமையாகப் பழுதடைந்த 272 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வு, பயனில்லை என்று கண்டு இடையிலேயே நிறுத்தப்பட்டது. செலீனியம் செப்சிஸ் நோயாளிகளைக் காக்கவில்லை. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் குருதிக் குழாய்களை விரிப்பது. குருதி அழுத்தம் ஏற்கெனவே வீழ்ந்துகொண்டிருக்கும் செப்சிஸ் நோயாளிக்கு அந்த விரிவே ஆபத்தாகலாம் என்ற அச்சம் உண்டு, ஆனால் திட்டமிட்ட புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்கு முன்பும் பின்பும் ஆர்ஜினினும் ஒமேகா-3உம் சேர்ந்த பானம் அருந்துவோரில் தொற்றுகள் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே சத்து ஒரு நோயாளிக்கு நன்மையும் இன்னொருவருக்குத் தீமையும் செய்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விற்றமின் சீ பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கோவிட் காலத்தில் அதன்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கை யாழ்ப்பாணத்து மருந்துக் கடைகள் வரை எட்டியது. அமெரிக்க வைத்தியரான போல் மரிக் 2017இல், விற்றமின் சீ, தயமின், ஒரு ஸ்டீரொயிட் மருந்து ஆகிய மூன்றையும் சேர்த்து 47 செப்சிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்து, முந்திய மாதங்களில் இருந்த 47 பேருடன் ஒப்பிட்டபோது, மரணம் வியக்கத்தக்க அளவில் குறைந்ததாக எழுதினார். அந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, யாருக்கு எது கிடைத்தது என்று வைத்தியருக்கும் தெரியாமல் நடத்தப்படும் ஆய்வே இத்தகைய கேள்விக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையது. 2022இல் வெளியான அத்தகைய ஆய்வில், 872 செப்சிஸ் நோயாளிகளுள் விற்றமின் சீ பெற்றோரில் இறந்தோரும் உறுப்புச் செயலிழப்பு நீடித்தோரும் நூற்றுக்கு 44.5 பேர், வெற்றுத் திரவம் பெற்றோரில் 38.5 பேர். கொடுக்கப்பட்ட அளவு 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒருநாளில் 12 கிராம்; நலமான ஒருவரின் நாளாந்தத் தேவையோ ஒரு கிராமின் பத்திலொரு பங்கையும் எட்டாது. அத்துடன், குருதியில் விற்றமின் சீ இவ்வளவு உயரும்போது, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சில கருவிகள் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போய்விடும்.

குழந்தைகளுக்கான நாகம் பற்றிய ஆய்வுகள் தமிழ்நாட்டிலும் நடந்தன. வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு ஜீவனி என்ற வாய்வழி நீரேற்றக் கரைசலுடன் 10 முதல் 14 நாட்களுக்கு நாகம் கொடுக்க உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் பரிந்துரைத்தன. வயிற்றோட்டத்தில் பயன்பட்டது நிமோனியாவிலும் பயன்படும் என்று நம்பி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கடும் நிமோனியாவுடன் சேர்க்கப்பட்ட, இரண்டு வயதுக்கு உட்பட்ட 299 குழந்தைகளிடம் அது பரிசோதிக்கப்பட்டது. 2006இல் வெளியான முடிவில் பொதுவாக எந்த நன்மையும் காணப்படவில்லை. மாறாக, புது டில்லியில் கடும் பக்றீரியாத் தொற்றுடன் வந்த 700 பச்சிளங் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், நாகம் பெற்றோரில் சிகிச்சை தோற்றது நூற்றுக்கு 10 பேரில், பெறாதோரில் 17 பேரில். இரண்டும் இந்தியாவில் நடந்தவை, இரண்டும் நேர்மையாக நடத்தப்பட்ட ஆய்வுகள். நோயும் வயதும் கிருமியும் மாறியபோது விடையும் மாறியது.

உண்மையான பற்றாக்குறை இருக்கும் இடத்தில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே மிகச் சிறிய ஊசிமருந்து ஒன்று அதிசயத்தை ஒத்த செயலைச் செய்கிறது. விற்றமின் பி1 என்னும் தயமின் இல்லாமல் உடலால் குளுக்கோசைச் சக்தியாக மாற்ற முடியாது; உடலின் கையிருப்போ இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் போதும். நீண்டகாலமாக மதுவையே உணவாக்கிக்கொண்டவர், தொடர்ந்து வாந்தியெடுக்கும் கர்ப்பிணி, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழ்ந்து ஒருவேளைத் தேநீருடனும் பிஸ்கற்றுடனும் நாளைக் கழிக்கும் முதியவர், தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று உணவு இறங்காமல் வாடியவர் ஆகியோரிடம் அந்தக் கையிருப்பு எப்போதோ தீர்ந்திருக்கும். இத்தகைய ஒருவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் கலந்த சேலைனை மட்டும் ஏற்றினால், குருதி அமிலமாகி, மூளையும் இதயமும் பழுதடையலாம். 1997இல் அமெரிக்காவில் நாளம் வழி ஊட்டத்துக்கான விற்றமின் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, தயமின் இன்றி ஊட்டம் பெற்ற நோயாளிகளின் குருதியில் இலற்றிக் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. காரணம் அறிந்து தயமின் கொடுக்கப்பட வேண்டியிருந்தது.

நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறைய உணவு கொடுப்பதும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டிய ஆபத்து. இரண்டாம் உலகப் போரின் முடிவில், பட்டினி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களுள் பலர் உணவு கிடைத்த பின்னர் இறந்தது அப்போதைய வைத்தியர்களைத் திகைக்க வைத்தது. உணவு வந்தவுடன் இன்சுலின் பொங்கிச் சுரந்து, குருதியில் எஞ்சியிருந்த சிறிதளவு பொசுபேற்று, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைக் கலங்களுக்குள் இழுத்துவிடுவதால் இதயமும் மூச்சுத் தசைகளும் தள்ளாடுகின்றன என்பதே அதற்குக் காரணம். அதனால்தான் பல நாட்கள் உண்ணாமல் வந்தவருக்கு முதலில் தயமினும், பரிசோதித்துக் கனியுப்புகளும் கொடுத்து, உணவைச் சிறிது சிறிதாகவே கூட்டுகின்றனர். மெலிந்து கிடக்கும் தந்தைக்கு ஏன் இவ்வளவு குறைவாகக் குழாயில் ஊற்றுகிறார்கள் என்று மனம் வருந்தும் மகளுக்கு, அந்தக் குறைவுதான் சிகிச்சை என்பதை யாராவது ஆறுதலாக விளக்கிச் சொல்வது மிகவும் அவசியம்.

முழு உணவும் இந்த விதிக்கு விலக்கன்று. பெல்ஜியத்தில் 4,640 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், குழாய்வழி உணவின் குறையை நிரப்ப முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே நாளம் வழி ஊட்டம் பெற்றோரைவிட, எட்டாம் நாள்வரை காத்திருந்தோர் விரைவில் தேறினர், தொற்றுகளும் குறைவாகக் கண்டனர். 2023இல் வெளியான இன்னோர் ஆய்வில், 1,300க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சை நோயாளிகளுக்குப் புரதத்தை ஏறத்தாழ இரட்டிப்பாகக் கொடுத்தும் எவ்வித நன்மையும் கிட்டவில்லை. சிறுநீரகம் பழுதடைந்திருந்தவர்களுக்கு அது தீங்காகியிருக்கக்கூடும் என்ற அறிகுறிகளே தென்பட்டன.

ஆகவே, உறவினர் கொண்டுவரக்கூடிய மிகப் பயனுள்ள பொருள் பெரும்பாலும் போத்தலில் அடைபட்டு இருப்பதில்லை. நோயாளி கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டார், கடந்த மூன்று மாதங்களில் உடை தளரும்படி மெலிந்தாரா, நாள்தோறும் மது அருந்துபவரா, சிறுநீரக நோய் உண்டா என்ற நான்கு விவரங்களையும் முதல் நாளிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். மயக்கத்தில் இருப்பவரிடமிருந்து அவற்றை வேறு எவரும் பெற முடியாது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்த உறவினர் கொடுத்த மீனெண்ணெய்க் குளிசை, புரத மா, விற்றமின் போத்தல்கள் எவையேனும் வீட்டில் இருந்தால், அவை மருந்துப் பட்டியலில் சேராதவை என்று எண்ணி விட்டுவிடாமல், பெயர்ச்சீட்டுடன் அப்படியே எடுத்துச்சென்று காட்ட வேண்டும்; குருதி உறைதலைத் தடுக்கும் வார்பரின் மருந்து உட்கொள்பவர் விற்றமின் கே கலந்த போத்தலொன்றையும் சேர்த்துப் பாவித்துவந்தாரா என்பது, அன்றைய மருந்தின் அளவையே மாற்றக்கூடியது.